உங்களுக்குத் தெரியுமா? ஆட்சியும் பேச்சும்

புதுக்கோட்டை நகரின் ஒரு பகுதியான திருக்கோகர்ணத்தில் பிரகதாம்பாள் கோயிலும் இருக்கிறது, அரசு அருங்காட்சியகமும் இருக்கிறது. கல், செம்பு, காசு என்று இந்த வட்டாரத்தில் பழைய எழுத்துக்குப் பஞ்சமில்லை. ஆள்பவர் தன்னைப் புகழ எந்த மொழியை எடுத்தார், வரி கேட்க எந்த மொழியில் வந்தார் என்று பார்த்தாலே பாதி வரலாறு விளங்கிவிடும். திருக்கோகர்ணத்தில் கிளம்பி மாஸ்கோ வரை ஒரு சுற்று போய்வரலாம், வாருங்கள்.

தமிழ்நாட்டுக் காசில் தெலுங்கு எழுத்து

தொண்டைமான் சமஸ்தானம் வெளியிட்ட சின்னஞ்சிறு செப்புக் காசுக்கு 'அம்மன் காசு' என்று பெயர். ஒரு பக்கம் அமர்ந்த கோலத்தில் பிரகதாம்பாள். மறுபக்கம் 'விஜய' என்ற சொல். ஆண்டவர் தொண்டைமான், குடிகள் தமிழர், காசின் எழுத்து மட்டும் தெலுங்கு! விஜயநகர, நாயக்கர் ஆட்சிகளுக்குப் பிறகு தென்னாட்டு அரண்மனைகளில் தெலுங்குக்கு இருந்த மதிப்பு அப்படி. நவராத்திரியில் அரிசியோடு இந்தக் காசையும் வாங்கிப் போனவர்கள் அந்த எழுத்தைப் படிக்க வேண்டும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. அம்மன் முகம் தெரிந்தால் காசு செல்லும். சனங்களும் தங்கள் பங்குக்கு அம்மனையே 'அரைக்காசு அம்மன்' ஆக்கிவிட்டார்கள்.

அரசர் என்றாலும் அடியவர்

புதுக்கோட்டை மன்னர்கள் தங்கள் பட்டப்பெயர்களோடு 'பிரகதாம்பா தாஸ்' என்பதையும் சேர்த்துக்கொண்டார்கள். திருக்கோகர்ணத்து அம்மனின் ஊழியர் என்று பொருள். பணிவு மட்டும்தானா? நாயக்கர், நவாப், கம்பெனி என்று மேலே மாறி மாறி யாரோ இருந்த காலம் அது. 'நான் அம்மனுக்கு மட்டுமே ஊழியன்' என்பதில் மற்றவர்களுக்கும் ஒரு சேதி இருந்தது. திருவிதாங்கூரில் மார்த்தாண்ட வர்மா 1750-இல் நாட்டையே பத்மநாபசுவாமிக்கு எழுதிவைத்துவிட்டு 'பத்மநாபதாசன்' ஆனதும் இதே வழிதான். இறைவனின் ஆளை எதிர்ப்பவர் இறைவனையே எதிர்த்தவர் ஆகிவிடுவாரே!

சித்தன்னவாசல் படுக்கையில் என்ன மொழி?

புதுக்கோட்டைக்குப் பக்கத்தில் சித்தன்னவாசல் ஏழடிப்பட்டத்தில் சமண முனிவர்களுக்கான கற்படுக்கைகள் உள்ளன. அங்குள்ள தமிழ் பிராமி எழுத்துகள் கி.மு. முதல் நூற்றாண்டைச் சேர்ந்தவை என்பது ஐராவதம் மகாதேவனின் கணிப்பு. சமணம் வடக்கிலிருந்து வந்தது, அதன் மொழி பிராகிருதம், எழுத்தோ பிராமி. ஆனால் படுக்கை செய்து கொடுத்ததைச் சொல்லும் வாக்கியம் தமிழ்! இப்படிப்பட்ட குகைக் கல்வெட்டுகளின் மொழி தமிழே என்பதை 1924-இல் அறிஞர் உலகத்துக்கு எடுத்துச் சொன்னவர் கே.வி. சுப்பிரமணிய ஐயர். அதே காலத்தில் ஆந்திர, கன்னடப் பகுதிகளில் கல்வெட்டுகள் பிராகிருதத்தில்தான் இருந்தன. மௌரியர் முதலான வடபுலத்துப் பேரரசுகளின் நேரடி ஆட்சிக்குள் தமிழகம் வராததே இந்த வேறுபாட்டுக்குக் காரணம் என்பார் மகாதேவன்.

புகழ்ச்சிக்கு ஒரு மொழி, எல்லைக்கு ஒரு மொழி

நாகப்பட்டினம் சூடாமணி விகாரத்துக்கு ராஜராஜன் ஆனைமங்கலம் என்ற ஊரைக் கொடுத்த செய்தி, லெய்டன் பெரிய செப்பேடுகளில் உள்ளது. மொத்தம் 21 ஏடுகள். வடமொழியில் 111 வரி, தமிழில் 332 வரி. வடமொழிப் பகுதியில் சோழ வம்சத்தின் பெருமை. தமிழ்ப் பகுதியில் நிலத்தின் நான்கு எல்லை, எந்த வரி உண்டு, எது இல்லை என்ற கணக்கு. மூதாதையர் சூரியனிலிருந்து வந்தவர்கள் என்பது ஊராருக்குப் புரியாவிட்டாலும் நட்டமில்லை. வாய்க்கால் யாருடையது என்பது புரியாமல் போனால் அடிதடியாகிவிடும்!

ஒரே கல், மூன்று மொழி, மூன்று கடவுள்

சீனக் கடற்படைத் தளபதி செங் ஹோவின் பயணத்தோடு 1409-ஆம் ஆண்டுக் கல்வெட்டு ஒன்று இலங்கை வந்து சேர்ந்தது. 1911-இல் காலி நகரில் கண்டெடுக்கப்பட்டது. சீன மொழியில் புத்தருக்கு, தமிழில் தெய்வேந்திரமுனையின் தென்னாவர நாயனாருக்கு, பாரசீகத்தில் அல்லாவுக்குக் காணிக்கை என்று எழுதியிருக்கிறது. காணிக்கைப் பட்டியலோ மூன்றிலும் ஏறத்தாழ ஒன்றுதான். இந்தியப் பெருங்கடல் வணிகத்தில் எந்தெந்த மொழிக்காரர்களைச் சரிக்கட்ட வேண்டும் என்று சீனப் பேரரசுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. அந்த மூன்றில் ஒன்று தமிழ்.

உங்கள் பட்டாவில் முகலாயர் நாட்காட்டி

தமிழக வருவாய்த் துறையின் கிராமக் கணக்கு ஆங்கில ஆண்டிலும் ஓடுவதில்லை, தமிழ் ஆண்டிலும் ஓடுவதில்லை. அது பசலி ஆண்டு. அறுவடையை வைத்து வரி வாங்க முகலாயர் வகுத்த கணக்கு. 2024 ஜூலை 1-இல் பிறந்தது பசலி 1434.

தாசில்தார், ஜமாபந்தி, பட்டா, தாலுகா, கஜானா, ரத்து... இவையெல்லாம் நவாபு, மராத்தியர் கச்சேரிகள் வழியாக வந்த சொற்கள். புதுக்கோட்டையில் தலைமை அமைச்சருக்கே ஒரு காலத்தில் 'சர்க்கேல்' என்றுதான் பெயர், பிறகு திவான். அரசாங்கம் இன்று வட்டாட்சியர், வருவாய்த் தீர்வாயம் என்று எழுதுகிறது. மனு கொடுக்கப் போகிறவர் 'தாசில்தாரைப் பார்க்கணும், ஜமாபந்தி எப்போ?' என்றுதான் கேட்கிறார். ஆட்சி போன பிறகும் அதன் சொல்லை விடாமல் வைத்திருப்பவர் குடிமகன்தான்!

தமிழில் பேச வேண்டுமானால் ஆங்கிலம் தெரியக் கூடாது

1935-ஆம் ஆண்டின் இந்திய அரசுச் சட்டம், 85-ஆம் பிரிவு: மாகாணச் சட்டமன்ற நடவடிக்கைகள் ஆங்கிலத்தில் நடக்க வேண்டும். ஆங்கிலம் தெரியாதவர், போதிய அளவு தெரியாதவர் வேறு மொழியில் பேச விதிகள் இடம் தர வேண்டும். அதாவது, சட்டமன்றத்தில் தாய்மொழியில் பேசுவது உரிமையாக அல்ல, குறைபாட்டுக்குக் காட்டப்பட்ட சலுகையாக இருந்தது.

கடற்கரையில் ஆங்கிலம், தூத்துக்குடியில் தமிழ்

1907 மே மாதம் வங்கத்துத் தலைவர் பிபின் சந்திர பால் சென்னைக் கடற்கரையில் தொடர்ந்து சொற்பொழிவாற்றினார். அத்தனையும் ஆங்கிலம். அடுத்த ஆண்டே தூத்துக்குடியில் வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் ஆலைத் தொழிலாளர் முன்னால் தமிழில் பேசினார்கள். கோரல் மில் வேலைநிறுத்தம் வென்றது, கூலி கூடியது. 1908 மார்ச் 12-இல் இருவரும் கைதானார்கள். படித்தவர்கள் கைதட்டிக் கலைந்துபோகும் கூட்டத்தைவிட, பஞ்சாலைக்காரர் காதில் விழும் தமிழ்தான் தனக்கு ஆபத்து என்று ஆட்சியாளர் கணக்குப் போட்டுவிட்டார். இன்றைய தமிழக மேடைப் பேச்சுக்கு ஊற்றுக்கண்களில் ஒன்று அங்கே இருக்கிறது.

பெயருக்குப் பின்னால் இருந்த வால்

1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் நடந்த முதல் சுயமரியாதை மாநாடு, பெயரோடு சாதிப் பட்டத்தைச் சேர்ப்பதைக் கைவிடச் சொன்னது. இன்று தமிழகத்தில் பெயருக்கு முன்னால் தலைப்பெழுத்து மட்டும் போட்டுக்கொண்டு பலர் உலவுவதில் அந்தத் தீர்மானத்துக்குப் பெரிய பங்குண்டு. வடநாட்டு விண்ணப்பப் படிவங்களில் 'குடும்பப் பெயர்' என்ற கட்டத்தில் நம்மவர்கள் தடுமாறுவதும் அதன் விளைவே!

ரஷ்யா போய்வந்த 'தோழர்'

பெரியார் 1932-இல் ஐரோப்பியப் பயணத்தின்போது சோவியத் ஒன்றியத்தில் சில மாதங்கள் தங்கினார். திரும்பி வந்ததும், மகா-ள-ஸ்ரீ, ஸ்ரீமான், திருவாளர் போன்ற அடைமொழிகளை விட்டுவிட்டு எல்லாரையும் 'தோழர்' என்றே அழைக்கும்படி தன் 'குடி அரசு' இதழ் வழியே கேட்டுக்கொண்டார். சொல் பழந்தமிழ்ச் சொல். ஜமீன்தாரையும் அவர் வீட்டு வண்டிக்காரரையும் ஒரே சொல்லால் அழைக்கலாம் என்ற துணிச்சல்தான் புதிது. அதற்கு முந்தைய ஆண்டே, 1931-இல், மார்க்சும் எங்கெல்சும் எழுதிய கம்யூனிஸ்ட் அறிக்கையின் தமிழாக்கத்தை அதே 'குடி அரசு' வெளியிடத் தொடங்கியிருந்தது.

ஸ்டாலின் வாயில் 'சகோதரர்களே'

1941 ஜூலை 3. ஹிட்லரின் படை உள்ளே புகுந்து பதினோராவது நாள். ஸ்டாலின் வானொலிக்கு வந்தார். தோழர்களே, குடிமக்களே என்று வழக்கம்போல் தொடங்கியவர், சகோதரர்களே, சகோதரிகளே என்றும் சேர்த்துக்கொண்டார். கட்சி மேடையில் கேட்டறியாத உறவுமுறை. அந்தச் சேர்ப்பைப் பல ஆண்டுகள் கழித்தும் ரஷ்யர்கள் நினைவுகூர்ந்தார்கள்.

நம் ஊரில் இதற்கு ஆபத்துக் காலம் தேவைப்படவில்லை. அண்ணா 'தம்பிக்கு' என்று கடிதம் எழுதினார். கருணாநிதி 'உடன்பிறப்பே' என்று முரசொலியில் எழுதிக்கொண்டே இருந்தார். எம்.ஜி.ஆர். தொண்டர்களை ரத்தத்தின் ரத்தமாக்கினார். ஜெயலலிதா அம்மா ஆனார். தலைவரிடம் கணக்குக் கேட்கலாம், அண்ணனிடமும் அம்மாவிடமும் எப்படிக் கேட்பது?

ஆறு வார இடைவெளியில் இரண்டு உத்தரவுகள்

1938 மார்ச் 13: சோவியத் ஒன்றியத்தின் ரஷ்யர் அல்லாத குடியரசுகளின் பள்ளிகளில் ரஷ்ய மொழி கட்டாயப் பாடம் என்று மாஸ்கோ ஆணையிட்டது. 1938 ஏப்ரல் 21: சென்னை மாகாணத்தில் 125 உயர்நிலைப் பள்ளிகளில் இந்துஸ்தானி கட்டாயப் பாடம் என்று ராஜாஜி அரசு ஆணையிட்டது.

இரண்டு அரசுகளுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ஆனால் சொன்ன நியாயங்கள் கிட்டத்தட்ட ஒன்று: பல மொழி பேசும் நாட்டுக்கு ஒரு பொது மொழி வேண்டும். முடிவுதான் வேறு. இங்கே மறியல், சிறை, சிறையிலேயே நோயுற்று நடராசன், தாளமுத்து ஆகியோரின் மரணம். 1940 பிப்ரவரியில் ஆளுநர் எர்ஸ்கின் கட்டாயத்தை நீக்கினார். ஸ்டாலின் காலத்து மாஸ்கோவில் மறியல் செய்ய யாரால் முடியும்?

லெனின் வேறு மாதிரிச் சொன்னார்

1914 ஜனவரியில் லெனின் எழுதிய கட்டுரை ஒன்றின் தலைப்பே, கட்டாய அரசு மொழி தேவைதானா என்ற கேள்விதான். தேவையில்லை என்பது அவர் பதில். ரஷ்யன் வளமான மொழி என்பதை ஒப்புக்கொண்டவர், தடியைக் காட்டிப் படிக்க வைத்தால் வெறுப்புதான் மிஞ்சும் என்றார். அவர் உருவாக்கிய அரசே 24 ஆண்டுகள் கழித்து அதைச் செய்தது.

எழுத்துக்கும் கட்சி உண்டு

ரஷ்ய நெடுங்கணக்கிலிருந்து சில எழுத்துகளை நீக்கியும், சொல்லின் கடைசியில் ஒலியே இல்லாமல் நின்ற ஒரு குறியைக் கைவிட்டும் 1918-இல் எழுத்துச் சீர்திருத்தம் நடந்தது. திட்டம் தீட்டியவர்கள் புரட்சிக்கு முன்பிருந்த அறிவியல் கழகத்து அறிஞர்கள். நிறைவேற்றியவர்கள் போல்ஷெவிக்குகள். அதனாலேயே நாட்டைவிட்டு வெளியேறிய ரஷ்யர்களின் பத்திரிகைகள் பல ஆண்டுகள் பழைய எழுத்திலேயே பிடிவாதமாக அச்சாயின. ஒருவர் எழுதுவதைப் பார்த்தே அவர் எந்தப் பக்கம் என்று சொல்லிவிடலாம்.

தமிழிலும் இது நடந்தது. ணை, லை, ளை, னை, ணா, றா, னா முதலிய 13 எழுத்துகளைப் புது வடிவில் 1935-இல் 'குடி அரசு' அச்சிடத் தொடங்கியது. எம்.ஜி.ஆர். அரசு 1978 அக்டோபரில் அதை ஏற்று ஆணையிட்டது. இடைப்பட்ட 43 ஆண்டுகள் துதிக்கை தூக்கிய 'லை' எழுதுவதா, நிமிர்ந்த 'லை' எழுதுவதா என்பதில் கொஞ்சம் அரசியலும் கலந்திருந்தது.

கீரனூரும் விராலிமலையும்

1965 ஜனவரி 26 முதல் இந்தி மட்டுமே ஆட்சிமொழி ஆகப் போகிறது என்ற அச்சத்தில் தமிழகம் கொந்தளித்தது. அந்தப் போராட்டத்தில் உயிர் நீத்தவர்களில் இருவர் இன்றைய புதுக்கோட்டை மாவட்டத்துக்காரர்கள்: கீரனூர் முத்து, விராலிமலை சண்முகம். அதற்கு முந்தைய ஆண்டு ஜனவரி 25-இல் திருச்சி ரயில் நிலையத்தின் முன் தீக்குளித்தவர் கீழப்பழுவூர் சின்னச்சாமி. அப்போது புதுக்கோட்டையும் திருச்சி மாவட்டத்துக்குள் இருந்தது. தனி மாவட்டம் ஆனது 1974-இல்.

திபிலிசி மாணவர்கள்

சோவியத் ஆட்சியிலும் ஒரு முறை மொழிக்காகத் தெரு நிறைந்தது. 1978-இல் ஜார்ஜியக் குடியரசின் புதிய அரசமைப்பு வரைவிலிருந்து, ஜார்ஜிய மொழியே ஆட்சிமொழி என்ற வரியை எடுத்துவிட்டார்கள். ஏப்ரல் 14 அன்று தலைநகர் திபிலிசியில் மாணவர்கள் ஆயிரக்கணக்கில் திரண்டார்கள். கட்சித் தலைவர் ஷெவர்ட்நாட்சே மாஸ்கோவிடம் பேசினார். எடுத்த வரி திரும்பி வந்தது. மாஸ்கோ இறங்கி வருவது அரிது, அதனால் ஜார்ஜியர்கள் அந்த நாளை இன்றும் மறக்கவில்லை.

ஸ்ரீ போய் திரு

1967-இல் அண்ணா முதலமைச்சரானதும் அரசுக் கடிதங்களில் ஸ்ரீ, ஸ்ரீமதி, குமாரி போய் திரு, திருமதி, செல்வி வந்தன. அரசு முத்திரையில் 'வாய்மையே வெல்லும்' ஏறியது. 1969 ஜனவரி 14-இல் சென்னை மாநிலம் தமிழ்நாடு ஆனது. அந்தப் பெயருக்காக விருதுநகரில் 76 நாள் உண்ணாநோன்பிருந்த சங்கரலிங்கனார் 1956 அக்டோபரிலேயே இறந்துவிட்டிருந்தார்.

அதே 'ஸ்ரீ' இலங்கையில் வேறு வேடம் போட்டது. 1957, 58-இல் வாகன எண் பலகைகளில் சிங்கள 'ஸ்ரீ' கட்டாயமாக, தமிழர்கள் அதைத் தமிழ் எழுத்தில் எழுதி எதிர்த்தார்கள். ஒலி ஒன்றுதான். எந்த எழுத்தில் என்பதுதான் சண்டை.

வேற்றுமை உருபால் ஒரு நாடு

'உக்ரைனில்' என்று சொல்லத் தமிழுக்கு ஒரே 'இல்' போதும். ரஷ்யனில் இரண்டு உண்டு: 'நா', 'வ'. நாடுகளுக்குப் பெரும்பாலும் 'வ' வரும். உக்ரைனுக்கோ ஒரு பிரதேசத்தைச் சொல்வதுபோல 'நா' என்பது பழைய வழக்கம். தனி நாடான பிறகு, எங்களையும் நாடாகவே பேசுங்கள் என்று 1993-இல் கீவ் அரசு கேட்டுக்கொண்டது. இன்று ஒரு ரஷ்யர் 'நா' சொல்கிறாரா, 'வ' சொல்கிறாரா என்பதைக் கேட்டே அவர் அரசியலைப் பலர் ஊகித்துவிடுகிறார்கள்.

போரைப் போர் என்று சொன்னால் குற்றம்

2022 பிப்ரவரியில் உக்ரைனுக்குள் படை நுழைந்ததும், அதைப் போர், படையெடுப்பு, தாக்குதல் என்று எழுதக் கூடாது என ரஷ்யாவின் ஊடகக் கண்காணிப்பு அமைப்பு பத்திரிகைகளை எச்சரித்தது. 'சிறப்பு ராணுவ நடவடிக்கை' என்பதே அரசுச் சொல். மார்ச் 4-இல் வந்த சட்டப்படி, ராணுவத்தைப் பற்றிப் 'பொய்ச் செய்தி' பரப்பியதாகத் தீர்ப்பானால் 15 ஆண்டுகள் வரை சிறை.

தமிழில் ஒன்று, அங்கே இரண்டு

நாம் 'ரஷ்யர்' என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறோம். அவர்களுக்கு ரஷ்ய இனத்தவர் 'ரூஸ்கி', ரஷ்ய நாட்டுக் குடிமகன் 'ரஸ்ஸியானின்'. தாத்தாரும் செச்செனியரும் இரண்டாவதில் அடக்கம், முதலாவதில் இல்லை. அதிபராக இருந்த எல்ட்சின் தன் உரைகளில் இரண்டாவதையே விரும்பி அழைத்தார். 2020 அரசமைப்புத் திருத்தமோ, ரஷ்யனை 'அரசை உருவாக்கிய மக்களின் மொழி' என்று பெருமைப்படுத்தியது. தாத்தர்ஸ்தான் தன் மொழியை லத்தீன் எழுத்துக்கு மாற்ற முயன்றபோது, குடியரசுகளின் ஆட்சிமொழிகளுக்குச் சிரிலிக் எழுத்தே அடிப்படை என்று 2002-இல் கூட்டாட்சிச் சட்டம் வந்து தடுத்துவிட்டது.

மதுரைக்குப் போனால் ஆங்கிலம்

திருக்கோகர்ணத்துக்காரர் ஒருவருக்கு நிலத் தகராறு என்று வையுங்கள். மாநில ஆட்சிமொழிச் சட்டத்தில் 1976-இல் செய்த திருத்தத்தின்படி கீழமை நீதிமன்றங்களின் மொழி தமிழ், ஆகவே புதுக்கோட்டையில் சாட்சி சொல்வது தமிழில். மேல்முறையீடு உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்குப் போனால், அங்கே அரசமைப்பின் 348-ஆம் பிரிவு நிற்கிறது: வழக்காடும் மொழி ஆங்கிலம். ராஜஸ்தான், உத்தரப் பிரதேசம், மத்தியப் பிரதேசம், பீகார் உயர் நீதிமன்றங்களில் இந்திக்கு அனுமதி உண்டு. தமிழுக்கு அதே அனுமதி கேட்டுத் தமிழகச் சட்டமன்றம் 2006-இல் தீர்மானம் போட்டது. உச்ச நீதிமன்றம் இணங்கவில்லை. தன் வழக்கு வென்றதா தோற்றதா என்பதை வக்கீல் வாயால் கேட்டுத்தான் அவர் தெரிந்துகொள்ள வேண்டும்!

குத்தகைச் சீட்டும் சைக்கிளும்

1991-இல் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் தொடங்கியது. ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத். எழுத்தோடு சைக்கிளும் கற்றுக்கொடுத்ததால் பெண்கள் கூட்டம் கூட்டமாக வந்தார்கள் என்பது நாடறிந்த கதை. அதே காலத்தில் கல்குவாரிகளில் கல் உடைத்த பெண்களின் குழுக்களுக்கே குவாரிக் குத்தகை கொடுத்ததும் இங்கே நடந்தது. குத்தகை கைக்கு வந்துவிட்டால் அனுமதிச் சீட்டு, லோடு கணக்கு, வங்கி ரசீது எல்லாவற்றையும் தானே படித்தாக வேண்டும்; எவரோ படித்துச் சொன்னதை நம்பிக் கைநாட்டு வைக்க முடியாது. எந்த மொழி ஆட்சிமொழி என்று சட்டமன்றங்கள் பேசிக்கொண்டிருந்த நாட்டில், அந்த ஆட்சிமொழியை வாசிக்கவே தெரியாத ஒரு பெருங்கூட்டம் இருந்தது. மொழிப் போராட்டங்களின் பட்டியலில் அறிவொளி வகுப்புகளையும் சேர்த்துக்கொள்வதுதான் நியாயம்.